இந்த மலை இறங்கும் வண்டியெல்லாம்

எங்கள் தாத்தா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இன்று வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அவரோடு லாரி ஓட்டிய நண்பர்களுக்கும் பேத்தியின் வணக்கம். தாத்தா இருந்திருந்தால், "எதுக்கு இத்தன எழுத்து? ஆளு பேரு, வண்டி நம்பரு, போதும் வுடு" என்றிருப்பார்.

கடத்தூருக்குப் பக்கத்தில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் தாத்தா பிறந்தார். மழை பொய்த்த ஒரு வருடம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். அப்புறம் டிரைவர், அப்புறம் சொந்த வண்டி. கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்த வேகத்தில் போய்விடும். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் வண்டியைக் கியர் இல்லாமல் நியூட்ரலில் விடுகிறவர்களை மட்டும் அவர் மன்னித்ததே இல்லை.

சேலம் போகும்போதெல்லாம் தொப்பூர் இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, சாலையோர முனியப்பனுக்குச் சூடம் ஏற்றுவார். கும்பிட்டு முடித்ததும் தன் இளைய மகனான என் சித்தப்பாவிடம், "சாமிய கும்புட்டாச்சு. இப்ப செகண்ட் கியர் போடு. பிரேக்க முனியப்பன் வந்து புடிக்கமாட்டாரு" என்பார். கடைசியில் படுத்த படுக்கையாக இருந்தபோதும், சித்தப்பாவின் வண்டிச் சத்தம் வாசலில் கேட்ட பிறகுதான் கண்ணயர்வார்.

தாத்தா போன பின் சித்தப்பா முதன்முதலாக லோடு ஏற்றிய அன்று, சேலம் விடுதிக்குத் திரும்ப நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். இறக்கத்துக்கு முன்னால் வண்டி நின்றது. துக்க வருடம் முடியும்வரை கோயில் படி மிதிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கும்பிடாமல் மலை இறங்கவும் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை. "எங்கப்பா இல்லாம என்னால ஆவாது கண்ணு. வண்டிய வித்துடலாம்" என்று ஸ்டியரிங்கில் தலை சாய்த்தார். எங்கள் வீட்டுச் சோறே அந்த வண்டிதான். நானும் அழுதேன்.

வண்டியை அடையாளம் கண்டு கோயில் பூசாரி வந்தார்.

"என்னப்பா, எறங்காம உக்காந்துட்ட?"

"துக்க வூடுங்க. கும்புடக் கூடாதுங்களே."

"அட, உங்கப்பா ஒரு நாளாச்சும் தன் வண்டிக்குன்னு கும்புட்டிருக்காரா? 'இந்த மலை எறங்கற வண்டியெல்லாம் நல்லபடியா வூடு சேரணும் சாமி', அதான அவரு வேண்டுதல்? உன் வண்டியும் இந்த மலைதான எறங்குது? கெளம்பு சாமி."

சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செகண்ட் கியர் போட்டார். வண்டி மெல்ல அடிவாரம் வந்து சேர்ந்தது. தாத்தா கூடவே இருக்கிறார் என்ற நிம்மதி அன்றுதான் எனக்கு வந்தது. அது இன்றுவரை குறையவில்லை. சித்தப்பாவும் வண்டியை விற்கவில்லை.

தாத்தாவைப் படுக்கையில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய டிரைவர் மாமாக்களுக்கும், அந்தப் பூசாரி ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத் தொப்பூர் வழியாகத் திரும்புகிறவர்கள் தயவுசெய்து செகண்ட் கியரில் இறங்குங்கள். உங்கள் வண்டிக்கும் தாத்தா எப்போதோ வேண்டிவைத்துவிட்டார்.