சாராயம் போக மிச்சம்

1960இல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், முதலியார்பேட்டை வீட்டு வாசலில் ஆதிமூலமும் மகள் தனக்கொடியும் ஒரு பழைய வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். பட்டைக் கஷாயம் வடிகட்டுவதற்காகக் கொதிநீரில் போட்டெடுத்த வேட்டி. ஒரு முனை அவரிடம், மறுமுனை அவளிடம். எவ்வளவு முறுக்கியும் தண்ணீர் இறங்கவில்லை.

"நைனா, நான் முறுக்குற பக்கமே நீங்களும் முறுக்குறீங்க."

"எப்பவும் உன் பக்கம்தான்னு இப்பவாவது புரியுதா?"

ஆதிமூலம் மில்லில் தறி ஓட்டியவர். நூலைக் கடித்துக் கடித்துப் பல் கெட்டுப்போன சகாக்களுக்காகக் கருவேலம்பட்டையை இடித்துக் கஷாயம் வைத்தார். தண்ணீரில் வைத்தது பூசணம் பூத்தது. கெடாமல் இருக்கட்டும் என்று சாராயத்தில் ஊறப்போட்டார். குடிப்பழக்கம் அறவே இல்லாத மனிதர். மருந்தை யாராவது விழுங்குவார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அன்று முதல் மருந்தின் புகழ் எல்லை தாண்டியது. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சாராயக்கடை.

விழுப்புரம் பக்கத்திலிருந்து கலியபெருமாள் என்ற விவசாயி வாரம் தவறாமல் வந்தார். வாயைத் திறந்தால் ஒரு பல்கூட இல்லை.

"உமக்கு ஏதுய்யா பல்வலி?"

"பல்லு போயிடுச்சி மிசியே, வலி போவலியே." மரியாதைக்குப் பிரெஞ்சு வேறு.

"சரி. கொப்பளிச்சித் துப்பணும். முழுங்கக் கூடாது."

கலியபெருமாள் கண்ணை மூடி வெகுநேரம் கொப்பளித்தார். துப்பும்போது வாயில் ஒன்றுமில்லை.

"தெரியாம உள்ள போயிடுச்சி. இன்னொரு தபா குடுங்க, துப்பிக் காட்டுறன்."

தனக்கொடி ஆஸ்பத்திரியில் கிருமி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். பட்டை கிருமியைக் கொல்வது நிச்சயமானால், பல் பிடுங்கியவர்களுக்குக் கொப்பளிக்கக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அங்கிருந்த பல் டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து ஆதிமூலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. தம் மருந்து ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டும். அதுவும் லேபிள் ஒட்டிய சீசாவில்.

சோதனைக்குக் கிருமி வேண்டும் என்றாள். அவர் தம் வீங்கிய பல் ஈற்றையே காட்டினார். அதில் பஞ்சால் தொட்டு எடுத்ததை அவள் கண்ணாடித் தட்டில் வளர்த்தாள். படர்ந்திருந்ததைப் பார்க்க அவர் ஆய்வுக்கூட ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"நம்ம வூட்டுச் சோறு. எப்படித் தழைக்குது பாரு!"

அதன்மேல் இரண்டு காகித வட்டுகளை வைத்தாள். ஒன்று அவர் மருந்தில் நனைத்தது, மற்றொன்று வெறும் சாராயத்தில் நனைத்தது. மறுநாள் இரண்டைச் சுற்றியும் கிருமி வளராமல் வளையம் விழுந்திருந்தது. இரண்டும் ஒரே அகலம்.

"அப்ப சாராயம்தான் டாக்டரு. என் பட்டை வெறும் கம்பவுண்டரா?"

"பட்டையப் பத்தி இன்னும் ஒண்ணும் தெரியாது நைனா. தண்ணியில காய்ச்சி, அதைத் தனியா வச்சிப் பாக்கணும்."

அந்த வேட்டி அதற்குத்தான். ஒருவழியாகப் பிழிந்து கொடியில் போட்டார்கள்.

"மூலக்குளத்துல காத்தவராயன் கொல்லையில மரம் இருக்கு. காலையில போயி புதுப்பட்டையா உரிச்சிட்டு வர்றன்" என்றார். வாசற்படி ஏறும்போது திரும்பினார். "கலியபெருமாள்கிட்ட மட்டும் சொல்லிடாத. தண்ணின்னு தெரிஞ்சா மனசு வுட்டுடுவாரு."

விடிவதற்குள் ஆதிமூலம் மாரடைப்பில் போய்விட்டார்.

சேதி கேட்டுக் கலியபெருமாள் வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் தனக்கொடி மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கொப்பளித்தார். முதல்முறையாகத் துப்பினார்.

வேலை முடிந்த தட்டுகளைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுவது ஆய்வுக்கூடத்து வழக்கம். தனக்கொடி நைனாவின் கிருமி வளர்ந்த தட்டை மட்டும் கொட்டவில்லை. அதிலிருந்து கம்பியால் தொட்டெடுத்துப் புதுத் தட்டில் கோடாக இழுத்தாள். அது தழைத்தது. பிறகு அதிலிருந்து இன்னொன்று.

வேட்டி கொடியிலேயே கிடந்தது. பட்டை மூலக்குளத்தில், மரத்தில் இருந்தது.