அக்காவின் விலாத் தழும்பு

என் அடிவயிற்றில் வலப்பக்கம் ஒரு தழும்பு. கைவைத்தால் அடியில் லேசாக மேடு தட்டும். அது அக்காவின் சிறுநீரகம். அவளுக்கு விலாவிலிருந்து வயிறுவரை சாய்வாக ஒரு கோடு, என்னுடையதைவிட நீளம். கொடுத்தவளுக்குத்தான் பெரிய வெட்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு, எழுந்து நடக்கலாம் என்று சொன்னதுமே சுவரைப் பிடித்துப் பிடித்து என் வார்டுக்கு வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது. "ஒழுங்கா மூத்திரம் போகுதாடா?" என்று கேட்டாள். போகிறது என்றதும் அழுதுவிட்டாள். அழுதால் தையல் வலிக்கும் என்று சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் இன்னும் வலித்தது.

மறுவருடம் மாத்தளையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "ஆபரேஷன் கதையை இப்ப எடுக்காத, பிறகு பாத்துக்கலாம்" என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். என்னால் அவள் கல்யாணம் தட்டிப்போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறையில் கதிரைகள் போதாமல் நான் கதவோரம் நின்றேன். அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். தம்பிக்கு ஒரு கிட்னி குடுத்திருக்கேன். விலாவுல பெரிய தழும்பு இருக்கு. கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம்னு டொக்டர் சொல்லியிருக்காரு. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் தாயார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்குக் காட்டுவியாம்மா?"

இருவரும் அறைக்குள் போனார்கள். வெளியே மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "நீங்க இப்ப சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டார். "இருக்கேன்" என்றேன்.

திரும்பி வந்த அந்தத் தாயின் கண்கள் சிவந்திருந்தன. நேரே அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"இப்படி ஒரு பிள்ளையைப் பெத்துட்டு ஏன் தலைகுனிஞ்சு உக்காந்திருக்கீங்க?"

அம்மா அவர் தோளில் சாய்ந்து அழுதார். அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

மகள் பிறந்தபோது அக்காவுக்கு இன்னொரு வெட்டு விழுந்தது. நான் பார்க்கப் போனபோது, "இது சின்னதுதான்" என்று சொல்லிப் பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். "தலையைத் தாங்கிப் புடி." நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.