முன்படியில் ஒரு ஜோடி செருப்பு

என் அப்பா சத்தியநேசன் திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய தமிழ்ச் சபைக்குப் போதகர். சபையார் பெரும்பாலும் நாகர்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தார்கள். கிழக்கேகோட்டை ஹோட்டல்களில் இலை எடுத்தார்கள்.

அறுபத்தெட்டில் சபைக் கோயிலுக்குப் புதுக் கூரை போட முடிவானது. அதிலிருந்து மாலையானால் எங்கள் வீட்டில் கமிட்டி கூடும். முன்படி தெரியாதபடி தோல் செருப்புகள் கிடக்கும்.

அந்த நாட்களில்தான் தங்கப்பன் இறந்தார். மூட்டை சுமந்தவர். குடித்துவிட்டுக் கோயிலில் தகராறு செய்தார் என்று அப்பாதான் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருந்தார். நெஞ்சில் சளி கட்டிப் படுத்தபின், சாவதற்குள் ஒருமுறை திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கவேண்டும் என்பதே அவருக்கு ஆசை. அதற்குப் போதகர் நேரில் போகவேண்டும். தங்கப்பன் படுத்திருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் வைத்துத்தான், அவர் மனைவி ராஜபாய் சொன்னார்.

"ரெண்டு மட்டம் வந்தேன், அய்யா. படி நெறய செருப்பு கெடந்துது. பெரிய ஆளுகளுக்க இடையில நான் எங்ஙன கேறி வர?"

"வெளிய நின்னு ஒரு சத்தம் விளிச்சா போராதா?"

"விளிக்கத்தான் நின்னேன். அய்யா என்னமோ வாசிச்சிட்டிருந்தீங்க. ஜோலியில இருக்காருன்னு திரும்பிட்டேன்."

ராஜபாய்க்குச் செருப்பு கிடையாது. குற்றம் சொல்லும் குரலிலும் அவர் பேசவில்லை. அப்பா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

மறுநாள் கமிட்டியாரை அழைத்து, இனி எல்லாரும் புறவாசலில் கிணற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டும் என்றார். பொருளாளர் ராஜமணிக்குக் கோபம்.

"கள்ளன்மாரப் போலயா போதகரே நாங்க வர?"

"எப்படி வேணாலும் வாரும், ஓய். முன்படியில செருப்பு கெடக்கப்பிடாது."

அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள்: "கிணத்தடியில நாய் கடிச்சிட்டுப் போச்சின்னா என்கிட்ட கேக்காதீங்க."

முன்படியில் அப்பாவின் செருப்பு மட்டும் கிடக்கும். அது கிடந்தால் அவர் வீட்டில் இருக்கிறார், யாரும் ஏறி வரலாம். மழையில் நனைந்தாலும் அதை எடுக்க விடமாட்டார். பத்து மைல் தள்ளி விழிஞ்ஞத்திலிருந்துகூட ஆட்கள் வந்து ஏறினார்கள். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து போவார்.

ராஜபாய் மட்டும் ஏறவில்லை. பேத்தியின் ஞானஸ்நானத்துக்குச் சொல்ல வந்தாலும் படிக்குக் கீழேதான் நிற்பார். "கேறி வா ராஜபாய்" என்பார் அப்பா. "இருக்கட்டும் அய்யா, கால் முழுக்க மண்ணு" என்பார் அவர். அப்பாதான் இறங்கிப் போவார். திரும்பி வந்தபின் தன் செருப்பை இன்னும் ஓரமாக நகர்த்தி வைப்பார்.

"இன்னுமா அத மனசில வச்சிருக்கீங்க?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"அவன் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்திருப்பான், எலிசாளே."

போன திங்கட்கிழமை அப்பா காலமானார். வந்தவர்கள் சொல்லாமலே கிணற்றடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார்கள். முன்படியில் அப்பாவின் ஜோடியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ராஜபாய் வந்து, வழக்கம்போலக் கீழேயே நின்றார். செருப்பைப் பார்த்தார். "அய்யா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து யாரும் இறங்கி வரவில்லை. சேலை நுனியால் கால் மண்ணைத் துடைத்துக்கொண்டு, ராஜபாய் படி ஏறினார்.