கிராணியின் கேள்விக்குறிகள்

என் வீட்டு அலமாரியில் மஞ்சளடித்துப்போன ஒரு கீபோர்டு இருக்கிறது. எனக்கு நாற்பத்தைந்து வயது, இருபது வருடக் கணினி அனுபவம்; அப்படியிருந்தும் அதைப் பயன்படுத்திய மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நம்பினேன். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கு அந்த அனுபவம் தேவைப்பட்டது.

அவர் சுங்கை ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். லோரிகளை எடைபோடும் நிரலை எழுதியவர். ஓய்வு வயதைத் தாண்டியும் வருட ஒப்பந்தத்தில் இருந்தார். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். அவருக்கு வேறு வீடு கிடையாது.

பழைய கணினி செத்துப்போனதும் அவர் நிரலைப் புதியதில் ஏற்றும் வேலை, ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் என் தலையில் விழுந்தது. ஏற்றினேன். திரை முழுக்கப் பிழைகள். வெளியே பழக்குலை லோரிகள் சாலைவரை நின்று ஹார்ன் அடித்தன. நிரலைத் திறந்தால், சுருள் அடைப்புக்குறி இருக்கவேண்டிய இடமெல்லாம் ??< என்றும் ??> என்றும் கிடந்தது.

கிராணி எட்டிப் பார்த்தார். "உது சரியாத்தான் இருக்கு. என்ர கீபோர்டில அந்த அடைப்பு இல்லை."

"அடைப்பு இல்லாத கீபோர்டா? என் மகன் கேம் விளையாடுற கீபோர்டுலயே இருக்கு லா, கிராணி!" என்றேன். டிரைவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். "கிராணிக்கு ஒன்னும் இல்லையே? இந்த வாரம் கன்ட்ராக்ட் போடணும்."

"கொஞ்சம் தடுமாறுறாரு, பாஸ்." என் தலை தப்பினால் போதும் என்றிருந்தது.

மூன்று நாளில் நானே புதிதாக ஒன்றை எழுதி ஒப்பேற்றினேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல், இரண்டே வாரத்தில் கிராணி தோட்டத்து வீட்டைக் காலி செய்தார். சுங்கை பஞ்சாங்கில் மகள் வீட்டுப் பின்னறைக்குப் போகும் சாமான்களை ஏற்ற நானும் கைகொடுத்தேன். "பரவாயில்லை, அண்டைக்கு உமக்குப் பதட்டம்" என்று மட்டும் சொன்னார்.

ஆலையில் அவருடைய மேசையை நான் ஒழித்தபோதுதான் இந்தக் கீபோர்டு கிடைத்தது. எடை இயந்திரத்தோடு டென்மார்க்கிலிருந்து வந்தது. அந்தக் காலத்துக் கணினியின் எழுத்துப் பட்டியலில் இடம் குறைவு. அடைப்புக்குறிகளின் இடத்தில் அந்த நாட்டார் தங்கள் எழுத்துகளை வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட கீபோர்டுக்காரர்களுக்காகவே, ??< என்று அடித்தால் அடைப்பு என்று கொள்ளலாம் என நிரல்மொழியில் வழி செய்திருந்தார்கள். இடப்பஞ்சம் தீர்ந்த புதிய கணினிகள் அதைக் கண்டுகொள்வதில்லை, கேட்டாலொழிய.

அன்றைய பிழைப் பட்டியலை மறுபடி திறந்தேன். என்ன கேட்கவேண்டும் என்பது முதல் வரியிலேயே இருந்தது. நான் கடைசி வரியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தவன். நிரலை ஏற்றும் கட்டளையில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். கிராணியின் நிரல் ஒரு பிழையுமில்லாமல் ஓடியது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"இப்ப சொல்லி என்ன லா? அவரு வீட்டை உன் பேருக்குப் போட்டாச்சு."

சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கீபோர்டு இருக்கும் அலமாரி, கிராணி விட்டுப்போனது.