பாதியில் நின்ற மாதா பாட்டு

நான் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் ஐரிஷ் அம்மாவும் அவருடைய தம்பியும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். அம்மாவைக் குளிப்பாட்டுவது என் வேலை. என் கை குளிர்கிறதென்று திட்டிக்கொண்டே பழைய கதை சொல்வார்.

சின்ன வயதில், வெள்ளிக்கிழமைகளில், அவருடைய தாய் சிலுவையடியில் மாதா அழுகிற பாட்டை ஐரிஷ் மொழியில் பாடுவாராம். கதவைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான். ஐரிஷ்காரர் அழுக்கர், குடிகாரர், கப்பலில் காய்ச்சல் கொண்டுவந்த கூட்டம் என்று இந்த ஊரில் அக்கம்பக்கம் பேசிய காலம். பெயரை மாற்றிய பிறகுதான் தகப்பனுக்கு வேலையே கிடைத்ததாம். எனக்கு இது விளங்காதா? கொழும்பு பஸ்ஸில் தமிழில் வாய் திறக்காமல் போய்வந்தவள் நான்.

அந்தப் பாட்டை அவர்கள் வீட்டில் தனியே பாடுவதில்லை. ஒருவர் பக்கத்தில் இருந்து, பாடுபவரின் கையைப் பிடித்து, திரிகை சுற்றுவதுபோல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு எப்போதும் தம்பிதான் பிடிப்பார்.

தம்பிக்கு நினைவு தப்பிய அன்று காலை அம்மா தன்னைச் சக்கர நாற்காலியில் அவருடைய கட்டிலடிக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். "அவன் போக முதல் முழுசாப் பாடிப்போட வேணும். நீ கையைப் பிடி."

பிடித்துச் சுற்றினேன். அம்மா கண்ணீர் வழிய, உடல் ஆட, உரத்துப் பாடினார். பாதியில் தாதி ஓடிவந்தாள். அவளும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான்.

"அக்கா, என்ன செய்யிறியள்? ஆளுக்குப் புத்தி குழம்பிப் போச்சு."

"அது ஐரிஷ் பாட்டு, பிள்ளை. முடிக்க விடு."

அவள் நம்பவில்லை. நகரத்துக்கு வெளியே டொலார்டில் இருக்கும் அம்மாவின் மகளுக்குப் போன் போட்டாள். அம்மாவுக்கு ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது, உளறுகிறார் என்றாள் மகள். பெற்ற பிள்ளைக்கே தெரியாமல் ஒரு மொழியை ஒளித்து வைத்திருக்கிறார், பாவி மனுஷி. நான் சொன்னது எடுபடவில்லை. தேவைப்பட்டால் போடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்த தூக்க ஊசியை அம்மாவுக்குப் போட்டார்கள். அம்மா தூக்கத்தில் கிடக்க, மத்தியானம் தம்பி போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் மகள் வந்தாள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது. தாயின் கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு ஐரிஷ் தெரியுமா? மாமாவுக்குப் பாடினீங்களா?" என்று அழுதுகொண்டு கேட்டாள்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார்.

"இல்லையே," என்றார். "ஏதும் உளறியிருப்பன்."