மார்க் அக்காவின் துண்டுச் சீட்டு

அந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பரிசோதகராக இருப்பவளை எல்லோரும் மார்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளோடு பேசி, கேள்வித்தாள் கொடுத்து, இவர் குணம் எப்படி, மனசு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரு பிடிவாதம் உண்டு. விடைகளை எண்ணும் முன்னால், பேசியதில் தனக்குப் பட்டதைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைத்துவிடுவாள். அப்புறம்தான் மார்க். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், யார் தலைகீழாக நின்றாலும் கையெழுத்து விழாது.

அன்றைக்கு வந்தவர் ஒரு பஸ் டிரைவர். மூன்று மாதத்துக்கு முன் அவர் பஸ்ஸில் அடிபட்டு ஒரு சைக்கிள்காரர் செத்துப்போனார். டிரைவர்மேல் தப்பில்லை என்று விசாரணை முடிந்துவிட்டது. மறுபடி ஸ்டியரிங் பிடிக்கலாமா என்று இவள் சொல்ல வேண்டும். சிரித்த முகம், நிதானமான பேச்சு. ‘ஓட்டலாம்’ என்று சீட்டில் எழுதினாள்.

மார்க் போட்டுப் பார்த்தாள். பயம், கோபம், தூக்கமின்மை எல்லாம் பூஜ்யம். ‘நான் யார்மீதும் கோபப்பட்டதே இல்லை’ என்கிற மாதிரிப் பதினைந்து வரிகள் அந்தத் தாளில் உண்டு. மனுஷனாய்ப் பிறந்தவர் பாதிக்காவது இல்லை என்பார். இவர் பதினைந்துக்கும் ஆமாம். எதையோ மறைக்கிறவர் இப்படி எழுதலாம் என்று அவள் படித்திருக்கிறாள். எதை என்று புத்தகம் சொல்லாது.

போன் அடித்தது. டிப்போ மேனேஜர்.

“நாளைக்குக் காலைல வண்டி எடுக்க ஆளில்லைங்க. ஒரு கையெழுத்துதானே?”

“அம்பது பேரை ஏத்திட்டுப் போற வண்டி சார்,” என்று வைத்துவிட்டாள். சீட்டை நம்பி ஓட்டச் சொன்னால் அந்த ஐம்பது உயிருக்கு ஆபத்து. மார்க்கை மட்டும் நம்பி மறுத்தால் ஒரு குடும்பத்தின் சோறு போகும். பயமாகத்தான் இருந்தது.

வெளியே காத்திருந்த டிரைவரை மறுபடி கூப்பிட்டாள். அவர் உட்காரும்போதுதான் கவனித்தாள், பேண்ட்டில் முழங்கால் வரை புழுதி. காலையிலும் இருந்திருக்கும். சிரிப்பில் மயங்கிக் கோட்டை விட்டிருக்கிறாள்.

“எப்படி வந்தீங்கண்ணே?”

“நடந்துதான்.”

“உங்க வீட்டுலேருந்து எட்டு கிலோமீட்டராச்சே? உங்க டிப்போ பஸ்ஸே இந்த வாசல்ல நிக்குமே?”

சிரிப்பு காணாமல் போனது.

“பஸ் படியில கால் வைக்க முடியல மேடம். உதறுது.”

“அதை ஏன் தாள்ல எழுதல?”

“நான் சொன்னா கோழைம்பாங்க. வீட்டுலயே சொல்லுவாங்க. நீங்க எழுதினா வியாதின்னு விட்டுடுவாங்க. நீங்களா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நம்பி வந்தேன் மேடம். காலைல நீங்களும் சிரிச்சுட்டு அனுப்பிட்டீங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. ‘இப்போது ஓட்டக் கூடாது, சிகிச்சை தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மடித்து வைத்த ‘ஓட்டலாம்’ சீட்டைக் கிழிக்கவில்லை. அதையும் அறிக்கையோடு சேர்த்துக் குத்தினாள்.