விரிசல் விட்ட சிவப்பு வண்டிக்காக மானகிரி வரை

பழைய ஏடிவி வைத்திருந்து, அதன் பிளாஸ்டிக் பாடி உடைந்துபோய் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைக்கைப் போலக் கைப்பிடியும் நான்கு தடித்த சக்கரங்களுமாக மணலில் ஓடுமே, அந்த வண்டிதான். மூடப்பட்ட ஒரு கடற்கரை விடுதியிலிருந்து என் கணவர் சேவியர் வாங்கியது. சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது என்பதால் மானகிரியில் அவர் தங்கை ரோசாலியின் தோட்டத்தில் நிற்கிறது. சேவியருக்கு வேலை கத்தாரில், எண்ணெய்க் கிணற்றில். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துவிட்டதாக ஏப்ரலில் போன் செய்தார். "வண்டிய வித்துரு. சும்மா நின்னு வீணாப் போகுது" என்றார். கானாடுகாத்தானில் ஒரு பாரம்பரிய விடுதிக்காரர், உடைசலைச் சரிசெய்து கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம்.

நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. மே விடுமுறையில் கிளம்பினேன். காலை ஆறு மணி பேருந்து, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்கு இரண்டரை மணி நேரம். பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில், பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டச் சால்டரிங் அயர்னும் எவர்சில்வர் வலையும் வாங்கினேன், நானூற்றைம்பது ரூபாய். அங்கிருந்து ஆட்டோவில் மானகிரி.

"வாங்க மதினி. இந்த வெயில்ல எதுல வந்தீக?" என்று கேட்டுக்கொண்டே ரோசாலி மோட்டார் ரூமைத் திறந்தாள். வண்டியைப் பார்த்தேன். அதன் பின் சீட்டில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போன சாயங்காலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன.

முதலில் சோப்புப் போட்டுக் கழுவினோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல்தான் ஆபத்து. முகப்பவுடரைத் தேய்த்துத் துடைத்தால், விரிசலுக்குள் போனது மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். முன் மட்கார்டில் மூன்று கோடுகள் தெரிந்தன. அடுத்து, இது என்ன பிளாஸ்டிக்? அடிப்பக்கத்தில் அச்சிட்டிருந்த எழுத்து தேய்ந்துவிட்டது. ஓரத்தில் ஒரு சீவலை வெட்டிச் சொம்புத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. மிதக்கும் வகையில் சாதாரணப் பசை நிற்காது, உருக்கித்தான் ஒட்ட வேண்டும். விளக்கைச் சுற்றிய மூடியின் சீவல் மூழ்கியது. அது ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக், அதற்குரிய பசையே போதும்.

பெரிய விரிசல் மேல் ஏற்கெனவே ஒரு பசை மேடு இருந்தது. போன விடுமுறையில் சேவியர் ஒட்டியது. பாதி பெயர்ந்திருந்தது. மீதிப் பாதியில், காய்வதற்குள் அழுத்திய அவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்காமல் புதிதாக ஒட்ட முடியாது. கத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரோசாலி பார்த்துவிட்டாள். "நா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன் மதினி. நீங்க மெதுவாச் செய்யுங்க" என்று நகர்ந்துகொண்டாள்.

அந்த ரேகை மேல் என் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு சுரண்டினேன்.

விரிசல் முடியும் இடத்தில் ஒரு சிறு துளை போட வேண்டும், இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். ரோசாலி திரும்பி வந்ததும் கோட்டை அகலமாகக் கீறி, உள்பக்கம் வலையை வைத்துச் சூட்டில் அமுக்கி, அதே வகைப் பிளாஸ்டிக் துண்டுகளை உருக்கி நிரப்பினோம். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், புகை நெஞ்சை அடைக்கும். மதியச் சாப்பாட்டு வேளை போக நான்கு மணி நேரம் ஆனது.

சாயங்காலம் விடுதிக்காரர் வந்தார். மட்கார்டைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். "நல்லா இருக்குங்க. நாளைக்குக் குட்டியானை வண்டி அனுப்புறேன், ஏத்தி விட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுக் குடுங்களேன்" என்றாள் ரோசாலி.

அதுவரை நான் அதை ஓட்டியதே இல்லை. அவள் பின்னால் உட்கார, தோட்டத்தை ஒட்டிய காய்ந்த கண்மாய்க்குள் இறக்கினேன். வெடித்த மண், கருவேலம் புதர். ஒரு பள்ளத்தில் வண்டி எகிறியது. "மதினீ, மெதுவா!" என்று கத்தியவள், அடுத்த பள்ளத்தில் சிரித்தாள். நானும் சிரித்தேன். மட்கார்டு ஆடவில்லை.

நீங்களும் ஒட்டினால் செய்ய வேண்டியது இதுதான்: நன்றாக ஆறவிட்டு, மேடுபள்ளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். மே மாதம் வேலையைக் காலையிலேயே தொடங்கிவிடுங்கள். கண்மாய்க்குள் போனில் சிக்னல் கிடையாது. கரை மேல் ஏறினால் கிடைக்கும்.

கரை ஏறி வண்டியை அணைத்ததும் போன் அடித்தது. சேவியர்.

"அந்தாளு வந்தாரா?"

"வந்தார். நாளைக்கு எடுத்துக்கறாராம்."

அவர் கேட்டார், "இப்ப எங்க இருக்க?"

"கண்மாய்க் கரையில. வண்டியில."

"யாரு ஓட்டுனா?"

"நான்தான்."

"ஸ்டார்ட் பண்ணு" என்றார். "கேக்கணும் போல இருக்கு."

ஸ்டார்ட் செய்து, போனைச் சைலன்சர் பக்கம் நீட்டிப் பிடித்தேன். ரோசாலி இறங்கித் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். வெகுநேரம் கழித்துப் போனைக் காதில் வைத்தேன்.

"என்னங்க, நான் இதைக் கொடுக்கலை" என்றேன்.

"சரி" என்றார். "அணைச்சுறாத. இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டும்."